பத்தாயிரம் ஆர்கானிக் டி-ஷர்ட்: திருப்பூர் ஜாப் ஒர்க் சங்கிலியையும் ஹாம்பர்க் பையரையும் ஒரே கணக்கில் ஓட்டுவது எப்படி

திருப்பூரிலிருந்து போகும் சரக்கு ஏற்றுமதியாளர் ஒருவர் பெயரில்தான் கப்பல் ஏறுகிறது. ஆனால் நூல் ஒரு மில்லில், நிட்டிங் வேறொரு இடத்தில், சாயம் ஒரு பட்டறையில், துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி முடிக்கும் காம்பாக்டிங் இன்னொன்றில் நடக்கிறது. தையலில் பாதி சொந்த யூனிட்டிலும் பாதி பவர் டேபிள் எனப்படும் சின்ன கூலித் தையல் யூனிட்டுகளிலும் முடிகிறது. பிரின்டிங் வெளியே. மறுமுனையில் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர், அவருக்காக ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ், டெஸ்டிங் லேப், சான்றிதழ் நிறுவனம், வங்கி, கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டர் என்று இன்னொரு கூட்டம். எல்லோரும் தனித்தனி முதலாளிகள், ஒருவர் மற்றவருக்கு உத்தரவு போட முடியாது. ஆர்டரில் காசு நிற்குமா, பட்டறையில் எவ்வளவு உப்பு கழிவாகும், தையல்காரருக்குச் சனிக்கிழமை சம்பளம் தவறாமல் போகுமா என்பதெல்லாம் இவர்களுக்குள் எந்தத் தகவல் எந்த நாளில் கைமாறுகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு நடுத்தர ஆர்டர். 10,000 டி-ஷர்ட், 24ஆம் நம்பர் கோம்டு (சீவிய) நூல், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி, நான்கு நிறம், கோட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரம்) சான்றிதழ், தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்.

ஆர்டரை ஏற்கும் முன்

விலை பேசுவதற்கு முன்பே, துணி எந்தெந்த வாசல் வழியாகப் போகப்போகிறது என்று முழுப் பட்டியல் எழுதுங்கள். கோட்ஸில் ஒவ்வொரு வாசலுக்கும் சான்றிதழ் வேண்டும். ஒன்று, கோட்ஸ் வேலை செய்யத் தகுதி உண்டு என்று காட்டும் ஸ்கோப் சான்றிதழ் அந்த யூனிட்டுக்கே சொந்தமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் உங்கள் சான்றிதழின் கீழ், கூலிக்கு வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டாக அதன் பெயர் பட்டியலில் ஏறியிருக்கவேண்டும். ஸ்கோப் சான்றிதழின் ஆயுள் ஓராண்டு. "சான்றிதழ் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள், காலாவதித் தேதியைக் கேளுங்கள். துணி பட்டறையில் கிடக்கும் வாரத்தில் பட்டறையின் சான்றிதழ் முடிந்து, புதுப்பித்தல் இழுத்துக்கொண்டிருந்தால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும். பிறகு அந்தச் சரக்கைச் சாதாரண காட்டனாகத்தான் விற்கமுடியும்.

தையலுக்கு இரண்டு பவர் டேபிள் போதும் என்று தோன்றினாலும் நான்கைப் பட்டியலில் ஏற்றுங்கள். சீசன் நெருக்கடியில் ஒரு யூனிட் கைவிரித்தால், பட்டியலில் இல்லாத இடத்துக்கு இரவோடு இரவாகக் கட்டிங் பண்டல் போய்விடுகிறது. பையர்கள் ஆர்டரை ரத்து செய்வதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. அந்த யூனிட்டில் யார் வேலை செய்கிறார்கள், எத்தனை மணி நேரம், அவசர வழி உண்டா என்று எதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டாக்கா அருகே சவாரில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தபோது, தங்கள் துணி அந்தக் கட்டிடத்தில் தைக்கப்பட்டதா என்றே சில பிராண்டுகளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023இல் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், 2024 முதல் 1,000 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஹாம்பர்க் பையர் கேட்கும் யூனிட் விவரங்களை அந்தப் பின்னணியில் பாருங்கள். பட்டியலை மறைப்பதால் பையர் உங்களைத் தாண்டி நேரடியாகப் போகமாட்டார் என்ற கணக்கு இப்போது செல்லாது.

கிலோ கணக்கு

ஆர்கானிக் ஆர்டரில் பீஸ் கணக்கைவிட கிலோ கணக்கு முக்கியம். கைமாறும் சரக்கு ஆர்கானிக் என்று காட்ட நூல் மில் உங்களுக்குத் தரும் பரிவர்த்தனைச் சான்றிதழில் உள்ள எடையும், நீங்கள் பையருக்கு வாங்கித்தரும் சான்றிதழில் உள்ள எடையும் இடையிலுள்ள நஷ்டத்தோடு ஒத்துப்போகவேண்டும். நம் ஆர்டருக்குக் கணக்கு இப்படி வரும்.

3 சதவீதம் கூடுதலாக வெட்டினால் 10,300 பீஸ். ஒரு பீஸுக்கு கழுத்து ரிப் உட்பட 190 கிராம் துணி, தைத்து முடித்த பீஸ் 150 கிராம். வாங்கும் நூல் 2,100 கிலோ. நிட்டிங்கில் 1 சதவீதம், அதாவது 21 கிலோ கழியும். சாயம் ஏறாத கோரா துணி 2,079 கிலோ. சாயம், காம்பாக்டிங் நஷ்டம் 5 சதவீதம் என்றால் 104 கிலோ போய் 1,975 கிலோ வரும். கட்டிங் வேஸ்ட் பீஸுக்கு 40 கிராம் வீதம் 412 கிலோ. சாம்பிள், டெஸ்டிங்குக்கு வெட்டிய துணி, தையலில் கழிந்தது எல்லாம் சேர்த்து 18 கிலோ. பெட்டியில் ஏறுவது 1,545 கிலோ. மொத்த நஷ்டம் 555 கிலோ, கிட்டத்தட்ட 26 சதவீதம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள் வேண்டும். நிட்டிங்காரரின் டெலிவரி சலான், பட்டறையின் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) கார்டு, கட்டிங் ரிப்போர்ட், பனியன் வேஸ்ட் விற்ற எடைச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வேஸ்ட் விற்ற சீட்டைத்தான் பெரும்பாலோர் தொலைக்கிறார்கள். ஆடிட்டர் முதலில் கேட்பதும் அதைத்தான், 412 கிலோ எங்கே போனது என்று தெரியாமல் மற்ற எண்களை அவர் நம்ப மாட்டார். இன்னொரு விஷயம்: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஜிஎஸ்டி சட்டப்படி ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும். மீதி நூல் நிட்டிங்காரர் குடோனில் வருடக்கணக்கில் தங்கினால் இரண்டு பக்கமும் சிக்கல்.

நூல் வாங்கும்போது மில்லின் ஸ்கோப் சான்றிதழை வாட்ஸ்அப் பிடிஎஃப்பாக வாங்கி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதை வழங்கிய சான்றிதழ் நிறுவனத்திடம் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். இந்தியாவில் போலி பரிவர்த்தனைச் சான்றிதழ்கள் மூலம் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று விற்கப்பட்டதை 2020இல் கோட்ஸ் அமைப்பே வெளியிட்டது. இந்தியப் பருத்தி நிலத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றிய பிடி ரகம்தான் என்பதால் மரபணு மாற்ற டெஸ்டும் தேவை. ஆனால் டெஸ்டை ஜின்னிங் கட்டத்தில் பஞ்சிலேயே எடுக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ ஐ.டபிள்யூ.ஏ 32 என்ற முறை அதற்கானது. ஸ்கவரிங் (துணியைக் கொதிநீரில் சுத்தம் செய்வது), சாயம் என்று சூடான காரக் குளியல்களைத் தாண்டிய துணியில் டிஎன்ஏ சிதைந்திருக்கும், அங்கே டெஸ்ட் எடுத்து "இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆகவே மில்லிடம் கேட்கவேண்டிய தாள் பஞ்சு டெஸ்ட் ரிப்போர்ட்தான்.

சாயம்: ஹாம்பர்க்கில் தேர்வாகும் நிறம், இங்கே சேரும் உப்பு

கூட்டு வேலையால் அதிகம் மிச்சமாவதும், அது இல்லாமல் அதிகம் கெடுவதும் சாயத்தில்தான். நொய்யல் ஆற்றில் கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை உப்பேறி, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது இந்த ஊரின் வரலாறு. இன்று பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடக்கூடாது. சொந்த நிலையத்திலோ, பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ, ஆர்.ஓ. மூலம் தண்ணீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்கவேண்டும். கூட்டு நிலையம் என்பதே போட்டியாளர்கள் சேர்ந்து ஒரு செலவைப் பங்கிட்ட ஏற்பாடு. உலக அளவில் பார்த்தாலும் இது பெரிய காரியம்.

அந்த நிலையத்துக்குப் போகும் சுமை எங்கே தீர்மானமாகிறது? பையரின் டிசைனர் மேஜையில். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற, வெளிர் நிறம் என்றால் லிட்டருக்கு சுமார் 30 கிராம் உப்பு, கறுப்பு, நேவி போன்ற அடர் நிறம் என்றால் 60 கிராம் அல்லது அதற்கும் மேல். நம் 2,079 கிலோ துணியும் அடர் நிறம், பழைய மெஷின், கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் சாயக் குளியல் 16,632 லிட்டர், உப்பு சுமார் 998 கிலோ. கிலோவுக்கு 6 லிட்டரில் ஓடும் மெஷினில் 12,474 லிட்டர், உப்பு 748 கிலோ. ஒரே துணி, ஒரே நிறம், 250 கிலோ உப்பு வித்தியாசம். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும், உப்பு ஏறாது. உப்பு அத்தனையும் கழிவுநீரில் வந்து, உப்புநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டரில் எரிபொருளையும் மின்சாரத்தையும் தின்னும். இதைக் கணக்காகப் பையருக்கு அனுப்புங்கள். நான்கு நிறத்தில் இரண்டை வெளிர் நிறமாக்க முடியுமா என்று கேட்க அதுதான் சரியான நேரம், லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட சின்ன மாதிரித் துணி) ஓகே ஆனபிறகு கேட்டுப் பயனில்லை.

நிறத்துக்கான அளவையும் மெஷினோடு பொருத்துங்கள். நான்கு நிறம் சமமாகப் பிரிந்தால் நிறத்துக்கு சுமார் 520 கிலோ, 300 கிலோ மெஷினில் 260 கிலோ வீதம் இரண்டு லாட். இது நல்ல ஏற்பாடு. பையர் ஒரு நிறத்துக்கு 80 கிலோ கேட்டால், அதே மெஷினில் போடும்போது தண்ணீர் விகிதம் எகிறும், ஷேடு திட்டாகும், ஒரு ஷிஃப்டும் வீணாகும். பட்டறையின் மெஷின் அளவுப் பட்டியலை வாங்கிப் பையிங் ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டால், ஆர்டர் போடும்போதே அவர்கள் அளவைக் கூட்டிக்குறைக்க முடியும். பெரும்பாலான பையர்கள் இதுவரை அந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை.

ஒரே நிறத்தில் இரண்டு லாட் என்றால் இரண்டும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஷேடு பார்க்கும் விளக்கு எது என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84, இரண்டிலும் பார்க்கவேண்டும். லாட்டுகளைக் கட்டிங்கில் கலக்கக்கூடாது. கலந்தால் ஒரு டி-ஷர்ட்டின் உடம்பு ஒரு ஷேடு, கை இன்னொரு ஷேடு. டியூப் லைட்டில் தெரியாது, ஹாம்பர்க் கடை ஜன்னலில் தெரியும்.

டெஸ்டிங்கில் அடிக்கடி விழும் மூன்று விஷயங்களைப் பட்டறைக்கு ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். முதலாவது பி.எச்., அதாவது துணியின் அமில, கார அளவு. கோட்ஸில் உடம்பில் படும் துணிக்கு 4.5 முதல் 7.5 வரை. ரியாக்டிவ் சாயத்தில் சோடா போடுவதால், கடைசி அலசலும் ஆசிட் நியூட்ரலும் அவசரத்தில் குறைந்தால் 8ஐத் தாண்டும். இரண்டாவது நோனில்ஃபீனால் எத்தாக்ஸிலேட் என்ற சோப்பு வகைக் கெமிக்கல். ஐரோப்பாவில் துவைக்கும் துணிகளுக்கு 2021 பிப்ரவரி முதல் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். பட்டறை நல்ல கெமிக்கல் போட்டிருந்தாலும், நிட்டிங்காரர் மலிவான ஊசி எண்ணெய் போட்டிருந்தால் இது வரலாம். அதனால் எண்ணெயின் பெயரும் கெமிக்கல் பட்டியலில் இருக்கவேண்டும். மூன்றாவது பிரின்ட். சாதாரண பிளாஸ்டிசால் மை பிவிசி சார்ந்தது, கோட்ஸில் அதற்கு அனுமதியில்லை. நெஞ்சில் ஒரு சின்ன லோகோவை வழக்கமான பிரின்டரிடம் கொடுத்து, அதனால் முழுச் சரக்கும் நிராகரிக்கப்படுவது நடக்கிறது.

பட்டறையிடம் இன்னொன்று கேளுங்கள்: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர்களுக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு பங்கு, உங்கள் வாரத்தில் அதில் எவ்வளவு காலி? மெஷின் காலியாக இருந்தாலும், கழிவுநீர் அளவு முடிந்துவிட்டால் துணி கோராவாகவே காத்துக்கிடக்கும்.

நாள் கணக்கு

கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். லேப் டிப்புக்கு 7 முதல் 10 நாள், நூலுக்கும் நிட்டிங்குக்கும் இரண்டு வாரம், சாயமும் காம்பாக்டிங்கும் 10 முதல் 12 நாள், லேப் ரிப்போர்ட் ஒரு வாரம், கட்டிங்கும் தையலும் மூன்று வாரம், அயர்னிங், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் ஒரு வாரம். சுமார் 70 நாள் வரும். அதற்கு மேல் பத்து நாள் கையிருப்பு வையுங்கள்.

இதில் உங்கள் கையில் இல்லாதவை பையரின் ஒப்புதல்கள்: லேப் டிப், ஃபிட் சாம்பிள், பிரின்ட் ஸ்ட்ரைக் ஆஃப் (பிரின்ட் மாதிரி), லேபிள். கோட்ஸ் லோகோ போட்ட லேபிளைச் சான்றிதழ் நிறுவனமும் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும், அதுவரை லேபிள் அடிக்கக் கொடுக்காதீர்கள். ஆர்டர் தாளில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு ஒப்புதலுக்கும் மூன்று வேலை நாள், தாமதமானால் அத்தனை நாள் கப்பல் தேதி தள்ளிப்போகும். இந்த ஒரு வரி இல்லாததால்தான் பையர் பத்து நாள் தாமதித்த லேப் டிப்புக்கு ஏற்றுமதியாளர் விமானக் கட்டணம் கட்டுகிறார். அப்படிக் கட்டினால் அந்த ஆர்டரின் லாபம் போய்விடும்.

இரண்டு நாட்டு விடுமுறைகளையும் ஒரே தாளில் குறியுங்கள். ஆகஸ்டில் ஐரோப்பிய ஆபீஸ்கள் பாதி காலி, டிசம்பர் கடைசியில் முழுக்கக் காலி. இங்கே தீபாவளி, பொங்கலோடு, ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் வாரங்களும் உண்டு, அவர்கள் திரும்பும் தேதி ரயில் டிக்கெட்டைப் பொறுத்தது. தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பாலானது கொழும்பில் கப்பல் மாறுகிறது, அங்கே நெரிசல் என்றால் ஒரு வாரம் போகும். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது, ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடியது. அப்போதைய பாதை எது என்று புக்கிங்குக்கு முன் ஃபார்வர்டரிடம் கேட்டு, பையருக்கும் எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை. மில், நிட்டிங், பட்டறை, தையல், பையிங் ஆபீஸ் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு ஷீட் போதும்: லாட் எண், கிலோ, உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, யார் பதில் சொல்லவேண்டும். விலையை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

பணம்

பணம் எல்.சி. (பையரின் வங்கி தரும் கட்டண உறுதிக் கடிதம்) வழியாக என்றால் அளவுக்கு அருகில் "கூட அல்லது குறைய 3 சதவீதம்" என்று அளவுக்கும் தொகைக்கும் எழுதி வாங்குங்கள். எல்.சி.க்கான சர்வதேச யு.சி.பி 600 விதிகளில் 5 சதவீதச் சலுகை உண்டு என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். கிலோ, மீட்டர் கணக்குக்குத்தான் அது, பீஸ் எண்ணிக்கையில் எழுதிய எல்.சி.க்கு அது கிடையாது. 10,000 என்று எழுதியிருக்க 9,870 பீஸ் ஏற்றினால் வங்கி முரண்பாடு என்று எழுதும். ஆவணங்களைக் கப்பலேறிய 21 நாளுக்குள் கொடுக்கவேண்டும், எல்.சி.யில் அதற்குக் குறைந்த நாள் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. கோட்ஸ் பரிவர்த்தனைச் சான்றிதழை எல்.சி. ஆவணப் பட்டியலில் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சரக்கு போனபிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும், சான்றிதழ் நிறுவனத்தின் தாமதம் உங்கள் பணத்தை நிறுத்தும். அதைத் தனியாக அனுப்புவதாக எழுதிக்கொடுங்கள்.

பையர் 60 அல்லது 90 நாள் கடன் கேட்டால், அந்தப் பளு கீழே யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பவர் டேபிள்காரர் வாராவாரம் சம்பளம் போடவேண்டும். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆகவே பையரிடம் கடன் நாள் பேசும்போதே பில் டிஸ்கவுன்டிங் (பில்லைக் காட்டி வங்கியில் முன்கூட்டியே பணம் வாங்குவது) செலவைப் பீஸ் விலையில் சேருங்கள். விலையில் சேராத வட்டி கடைசியில் தையல் கூலியில்தான் வெட்டப்படுகிறது, அது அநியாயம். அடுத்த சீசனில் அந்த யூனிட் உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கும் அதுதான் காரணம்.

நூல் விலைக்கும் ஒரு வரி வேண்டும். ஒப்புக்கொண்ட விலை எத்தனை நாள் செல்லும், நூல் 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் யார் எவ்வளவு ஏற்பது என்று எழுதாமல் ஆறு மாத ஆர்டர் எடுக்காதீர்கள்.

தையல் தளம்

ஒரே யூனிட்டுக்கு நான்கு பையர், நான்கு ஆடிட், நான்கு கேள்வித்தாள். எஸ்.எல்.சி.பி. போன்ற பொதுமுறையில் ஒருமுறை சரிபார்த்த விவரங்களைப் பல பையர்களுடன் பகிரலாம். மிச்சமாகும் பணத்தை ஃபேனுக்கோ கழிப்பறைக்கோ செலவிடலாம் என்று பையரிடம் நேராகவே சொல்லுங்கள்.

ஆடிட்டுக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. சூப்பர்வைசர் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை ஒருநாள் வந்துபோகும் ஆடிட்டர் கண்டுபிடிக்க மாட்டார். வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தை இதற்காகப் படிக்கவேண்டும். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம், ஆசிய அளவிலான கூலி இயக்கம், அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பு, உற்பத்தி நிறுவனம் ஆகியவை ஒருபுறம் கையெழுத்திட, எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகள் தனித்தனியே சட்டப்படி கட்டுப்படும் உடன்பாட்டில் சேர்ந்தன. தளத்திலேயே வேலை செய்யும் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண்காணிக்கிறார்கள். உற்பத்தியாளர் மீறினால் வணிக விளைவு உண்டு என்று பிராண்டுகள் ஒப்புக்கொண்டுள்ளன. சின்ன யூனிட்டில் இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் லைனுக்கு ஒரு பெண் பிரதிநிதி, புகார் சொன்னவரை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்ற எழுத்து உறுதி, யூனிட்டுக்கு வெளியே புகார் சொல்ல ஒரு எண், இந்த மூன்றையும் எந்தப் பவர் டேபிளிலும் செய்யலாம்.

கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

10,000 பீஸுக்கு வழக்கமான இரண்டாம் நிலை இன்ஸ்பெக்‌ஷனில் 200 பீஸ் எடுப்பார்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5இல் பெரிய குறை 10 வரை பாஸ், 11 வந்தால் ஃபெயில். சின்ன குறைக்கு 4.0 என்றால் 14 வரை பாஸ். 10,300 பீஸையும் ஒரே லாட்டாகக் காட்டினால் 10,000ஐத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய் 315 பீஸ் எடுப்பார்கள். எத்தனை பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைக்கிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எது பெரிய குறை, எது சின்னது என்பதைப் போட்டோவோடு தையல் தொடங்கும்முன் பையரிடம் ஒப்புதல் வாங்குங்கள். தளர்ந்த நூல் நுனி பெரியதா சின்னதா என்று கடைசி நாளில் வாதாடிப் பயனில்லை.

ஒவ்வொரு சாய லாட்டிலும் ஒரு மீட்டர் துணியை, லாட் எண், தேதி, பட்டறைக் கார்டு நகலோடு கறுப்புக் கவரில் போட்டு இரண்டு வருடம் வையுங்கள். அதில் ஒரு துண்டைப் பட்டறையும் வைத்திருக்கட்டும். ஆறு மாதம் கழித்துச் சுருக்கம் என்றோ சாயம் போகிறது என்றோ கிளெய்ம் வந்தால், இந்தத் துண்டை ஐ.எஸ்.ஓ 6330 முறையில் துவைத்துப் பார்த்து, குறை துணியிலா, பையரின் துவைப்புக் குறிப்பிலா என்று தீர்மானிக்கலாம். துண்டு இல்லாவிட்டால், கிளெய்ம் தொகை சங்கிலியில் யார் பலவீனமோ அவர் பில்லில் கழிக்கப்படும். கிளெய்ம் வந்த எட்டு நாளுக்குள் பட்டறை, நிட்டிங், பையிங் ஆபீஸ் மூவரும் ஒரே மேஜையில் துணியைப் பார்க்கவேண்டும் என்பதை ஜாப் ஒர்க் ஒப்பந்தத்திலும் பையர் ஒப்பந்தத்திலும் ஒரே வார்த்தைகளில் எழுதிவையுங்கள்.